லொக் சமன்பாடு எப்பிடிச் செய்யிறது: கணிதத்தைத் திருப்பித் தொடங்கிறவைக்கு

நான் பள்ளிக்கூடம் விட்டு பதினொரு வருஷம் கழிச்சுத்தான் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) கணிதம் திருப்பி எழுதினன். புறக்கோட்டையில ஒரு துணிக்கடையில கணக்கு எழுதுற வேலை, பின்னேரக் கோர்ஸ் ஒண்டுக்கு அப்ளை பண்ணப் போனா கணிதம் பாஸ் வேணும் எண்டினம், அதால தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதினன், முதல் தரம் டபிள்யூ, அதாவது பெயில், ரெண்டாந்தரம் சி, பாஸ். முதல் தரம் மடக்கை வந்த எல்லாக் கேள்வியையும் விட்டிட்டன் இல்லாட்டி பிழையாச் செய்தன், ரெண்டாந்தரம் அந்தப் புள்ளி எல்லாம் முழுசா எடுத்தன் எண்டு எனக்குத் தெரியும். இடையில என்ன மாறினது எண்டதத்தான் இங்க எழுதுறன், நீங்களும் என்னைப் போல ஒரு வருஷத்த வீணாக்க வேண்டாம்.

ஒரு சின்ன ஒழுங்கு முதல்ல. மடக்கை எண்டு புத்தகத்தில இருந்தாலும் வாயில எல்லாரும் லொக் எண்டுதான் சொல்லுவம், நானும் அப்பிடியே எழுதுறன். லொக்₂ எண்டா அடி 2. அடி ஒண்டும் போடாட்டி அடி 10 எண்டு எடுங்கோ. ^ குறி போட்டா அதுக்குப் பின்னால வாறது சுட்டி, தாளில அத மேல சின்னதா எழுதுவம். தெரியாத எண் எல்லா இடத்திலயும் எக்ஸ்.

1. தொடங்க முதல் எடுத்து வைக்க வேண்டியது

பாடப்புத்தகம்: 10ஆந் தரம், 11ஆந் தரம் கணிதம், தமிழ் மொழிமூலம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ட வெப்சைட்ல இலவசமா டவுன்லோட் பண்ணலாம், காசு குடுத்து வாங்கத் தேவையில்ல. 11ஆந் தரப் புத்தகத்தில முதல் பாகத்தின்ட தொடக்கத்திலயே சுட்டியும் மடக்கையும் வருது. முழுப் புத்தகத்தையும் பிரிண்ட் எடுக்காதேங்கோ, அந்தப் பாடங்களின்ட பயிற்சிப் பக்கங்கள மட்டும் எடுத்தாப் போதும்.

மடக்கை அட்டவணை ஒண்டு. ஓ.எல் கணித பேப்பருக்கு கல்குலேட்டர் கொண்டுபோக ஏலாது, அதால போனில தட்டிப் பழகினா மண்டபத்தில கை நிண்டிடும். வீட்டிலயும் அட்டவணையிலதான் பாக்க வேணும். விடைய சரி பாக்கிறதுக்கு மட்டும் போன எடுங்கோ.

ஒரு சி.ஆர் கொப்பி, பாஸ் பேப்பர் (பழைய வினாத்தாள்) அஞ்சு வருஷத்துக்கு. எல்லாம் சேத்தும் ரெண்டு மூண்டு சோத்துப் பார்சல் காசுக்குள்ள முடிஞ்சிடும். இந்த ஒரு பாடத்துக்கு எண்டு தனியா ரியூசன் தேவையில்ல எண்டுதான் நான் சொல்லுவன். நான் முதல் தரம் போன வகுப்பில மூண்டு விதிய போர்ட்டில எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொன்னவை, நானும் பண்ணினன், மூண்டும் ஒண்டோட ஒண்டு கலந்து கடைசியில எது எது எண்டு தெரியாமப் போச்சு.

கடைசியா ஒண்டு, இதுதான் எல்லாத்திலயும் பெறுமதியானது, ஒரு சின்னத் தாளில நீங்களே கையால எழுதிக்கொள்ளுங்கோ:

2: 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024
3: 3, 9, 27, 81, 243, 729
4: 4, 16, 64, 256
5: 5, 25, 125, 625
6: 6, 36, 216
7: 7, 49, 343

இருபது நிமிஷ வேலை. அந்தத் தாள நான் போன் கவருக்குள்ள வைச்சிருந்தனான், காலையில வெள்ளவத்தையில 101 பஸ்ஸில ஏறி புறக்கோட்டை போய்ச் சேரும் வரைக்கும் அதத்தான் பாத்துக்கொண்டு போவன். ரெண்டு கிழமையில 343 எண்டு கண்டாலே 7இன்ட மூண்டாம் வலு எண்டு தானா வரத் தொடங்கிச்சு. லொக் கணக்கில பாதி வேலை இந்த அடையாளம் கண்டுபிடிக்கிறதுதான், மற்றப் பாதிதான் அல்ஜீப்ரா.

சுட்டி விதி மறந்துபோச்சு எண்டா லொக்குக்கு வராதேங்கோ, முதல்ல அத முடியுங்கோ. 2⁻³ எண்டா 1/8, 8இன்ட சுட்டி 1/3 எண்டா 2, எந்த எண்ணுக்கும் (பூச்சியம் தவிர) சுட்டி 0 எண்டா 1. இந்த மூண்டும் யோசிக்காம வர வேணும்.

2. லொக்க ஒரு கேள்வியா வாசியுங்கோ

எங்கட ப்ளெட்ஸில மேல் மாடியில ரிட்டயர் ஆன கணித ரீச்சர் அன்ரி ஒராள் இருக்கிறா. ரெண்டாந்தரம் எழுத அப்ளை பண்ணின நேரம் ஒருநாள் கொப்பியோட போய், அன்ரி இது எனக்கு ஏறுதே இல்ல எண்டன். அவ கொப்பியில லொக்₂ 8 எண்டு எழுதிப்போட்டு, தம்பி இத வாய்விட்டு வாசியுங்கோ பாப்பம் எண்டா. லொக் ரூ எய்ட் எண்டன். அது வாசிப்பில்ல தம்பி, அது எழுத்துக்கூட்டல், இதில ஒரு கேள்வி இருக்கு, 2ஐ எத்தினையாம் வலுவுக்கு ஏத்தினா 8 வரும் எண்டு கேக்குது, நீங்க அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ எண்டா. மூண்டு எண்டன். அப்ப லொக்₂ 8 எண்டது 3 தானே, இதுக்கு மேல ஒண்டும் இல்ல எண்டா.

அண்டைக்குப் பிறகு எனக்கு லொக் பயம் போயிட்டுது. உண்மையாவே இவ்வளவுதான். ஆகவே நீங்களும் முதல் ரெண்டு நாளும் ஒரு சமன்பாடும் செய்யாதேங்கோ, வெறும் கேள்வியா வாசிச்சு மறுமொழி சொல்லுங்கோ.

லொக்₅ 125 = 3, ஏனெண்டா 5³ = 125
லொக்₃ 81 = 4, ஏனெண்டா 3⁴ = 81
லொக்₂ (1/8) = −3, ஏனெண்டா 2⁻³ = 1/8
லொக்₇ 7 = 1
லொக்₇ 1 = 0

கடைசி ரெண்டும் எந்த அடிக்கும் பொருந்தும். லொக் 1 எப்பவும் பூச்சியம், அடியும் உள்ள இருக்கிறதும் ஒரே எண் எண்டா எப்பவும் 1.

இங்க ஒரு பொறி இருக்கு. லொக் வடிவத்த சுட்டி வடிவமா மாத்தேக்க எது எங்க போகும் எண்டு கனபேர் குழம்பிறது. லொக்₃ எக்ஸ் = 4 எண்டத எக்ஸ்³ = 4 எண்டும் எழுதுவினம், 4³ = எக்ஸ் எண்டும் எழுதுவினம். ஒண்ட மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ: லொக்கில கீழ இருக்கிறது சுட்டி வடிவத்திலயும் கீழதான் இருக்கும், அடி அடியாவே நிக்கும். மற்ற ரெண்டும்தான் இடம் மாறும், சமன் குறிக்கு அங்கால இருக்கிறது மேல ஏறும். அப்ப 3⁴ = எக்ஸ், எக்ஸ் = 81.

3. எக்ஸ் எங்க நிக்குது எண்டு பாருங்கோ

ஒரு லொக் மட்டும் இருக்கிற சமன்பாட்டில எக்ஸ் நிக்க மூண்டு இடம்தான் இருக்கு. மூண்டுக்கும் முதல் வேலை ஒண்டுதான், சுட்டி வடிவத்துக்கு மாத்துறது, பிறகுதான் வழி பிரியும்.

எக்ஸ் உள்ளுக்க எண்டா லேசு.

லொக்₅ (2எக்ஸ் − 1) = 2
2எக்ஸ் − 1 = 5² = 25
எக்ஸ் = 13

எக்ஸ் விடையா எண்டா ரெண்டு பக்கத்தையும் ஒரே அடிக்குக் கொண்டு வர வேணும்.

லொக்₄ 32 = எக்ஸ்
4^எக்ஸ் = 32
2^(2எக்ஸ்) = 2⁵
2எக்ஸ் = 5, எக்ஸ் = 2½

இதில 32ஐ 4ஆல பிரிச்சு 8 எண்டு எழுதுற ஆக்கள் இருக்கினம், நானும் எழுதியிருக்கிறன். லொக் பிரிக்கச் சொல்லேல்ல, வலுவத்தான் கேக்குது. 4² = 16, 4³ = 64, 32 இடையில இருக்கு, அப்ப விடையும் 2க்கும் 3க்கும் இடையில வரத்தான் வேணும். எழுத முதல் இந்த மட்டுக்கட்டல மனசுக்குள்ள செய்து பாருங்கோ, பத்து செக்கன் போகும், ஆனா 8 எண்ட விடை தாளுக்கு வராது.

எக்ஸ் அடியா எண்டா ஒரு கவனம் வேணும். லொக்கின்ட அடி எக்ஸ், உள்ள 49, விடை 2 எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. எக்ஸ்² = 49. அல்ஜீப்ராப்படி 7, −7 ரெண்டும் வரும், ஆனா லொக்குக்கு அடி நேர் எண்ணா இருக்க வேணும், 1 ஆகவும் இருக்க ஏலாது. ஆகவே 7 மட்டும். தாளில “எக்ஸ் > 0, ஆகவே எக்ஸ் = 7” எண்டு அந்தக் காரணத்தையும் எழுதிவிடுங்கோ.

4. மூண்டு விதி, அதுகள பிழையா பாவிக்கிற விதம்

ரெண்டு மூண்டு லொக் வந்தா முதல்ல எல்லாத்தையும் ஒரு லொக்கா மடிக்க வேணும். விதிகள் இவைதான்:

கூட்டினா உள்ளுக்க பெருக்கல்: லொக் 4 + லொக் 25 = லொக் 100
கழிச்சா உள்ளுக்க பிரித்தல்: லொக் 50 − லொக் 5 = லொக் 10
முன்னால நிக்கிற எண் சுட்டியா மேல போகும்: 3 லொக் 2 = லொக் 2³ = லொக் 8

அடி எல்லாத்திலயும் ஒண்டா இருந்தாத்தான் இது சரி. லொக்₂உம் லொக்₃உம் கூட்டினா ஒண்டும் மடிக்க ஏலாது.

இதெல்லாம் ஏன் எண்டு விளங்கினா மனப்பாடம் தேவையில்ல. லொக் எண்டது சுட்டி, ஒரே அடியுள்ள வலுக்களப் பெருக்கினா சுட்டிகள் கூடும் எண்டு ஒன்பதாம் வகுப்பிலயே படிச்சதுதான், அதத்தான் மற்றப் பக்கத்தால பாக்கிறம்.

இப்ப பிழைகள். முதலாவது, எல்லாரும் விடுறது: லொக் (எக்ஸ் + 5) எண்டத லொக் எக்ஸ் + லொக் 5 எண்டு பிரிக்கிறது. ஏலாது. நம்பாட்டி எண் போட்டுப் பாருங்கோ, லொக் 10 + லொக் 10 எண்டா 1 + 1 = 2, ஆனா லொக் (10 + 10) எண்டா லொக் 20, அட்டவணையில 1.3010. லொக் எண்டது எக்ஸுக்கு முன்னால நிக்கிற எண் இல்ல, அடைப்புக்குறிய பெருக்கித் திறக்கிற மாதிரி அதத் திறக்க ஏலாது.

ரெண்டாவது, லொக் 8இன லொக் 4ஆல பிரிக்கிறதும் லொக் (8/4)உம் ஒண்டெண்டு நினைக்கிறது. அடி 2 எடுத்துப் பாருங்கோ. லொக்₂ 8 = 3, லொக்₂ 4 = 2, பிரிச்சா 1½. ஆனா லொக்₂ (8/4) எண்டா லொக்₂ 2 = 1, அது கழிச்சா வாறது. பின்னக் கோடு லொக்குக்கு உள்ளயா வெளியிலயா எண்டு வடிவாப் பாக்க வேணும், கெதியா எழுதேக்க கோடு நீண்டு போய் ரெண்டும் ஒண்டு மாதிரித் தெரியும். நான் உள்ள இருக்கிறதுக்கு எப்பவும் அடைப்புக்குறி போடுவன், தேவை இல்லாத இடத்திலயும்.

மூண்டாவது, முன்னால நிக்கிற எண்ண மேல ஏத்த முதல் கூட்டிப் பெருக்கிறது. 2 லொக் 3 + லொக் 5 எண்டா முதல்ல லொக் 9 + லொக் 5, பிறகு லொக் 45. நேர 2 லொக் 15 எண்டு எழுதினா லொக் 225 ஆகிடும்.

5. மூலையில ஒரு வரி, பிறகுதான் கணக்கு

புள்ளி போற இடம் இதுதான். லொக்குக்கு உள்ள இருக்கிறது எப்பவும் பூச்சியத்த விடக் கூட இருக்க வேணும். 2ஐ எந்த வலுவுக்கு ஏத்தினாலும் மறை எண்ணும் வராது, பூச்சியமும் வராது, அதால லொக்₂ (−4) எண்ட கேள்விக்கு மறுமொழியே இல்ல. ஆகவே கணக்குத் தொடங்க முதல், ஒவ்வொரு லொக்குக்கு உள்ளயும் என்ன இருக்கு எண்டு பாத்து நிபந்தனைய பக்கத்தில எழுதுங்கோ.

ஒரு முழுக் கணக்கு, வரி வரியா:

லொக்₂ எக்ஸ் + லொக்₂ (எக்ஸ் − 2) = 3

நிபந்தனை: எக்ஸ் > 0, அதோட எக்ஸ் − 2 > 0. ரெண்டும் சேத்து எக்ஸ் > 2.

லொக்₂ [எக்ஸ்(எக்ஸ் − 2)] = 3
எக்ஸ்(எக்ஸ் − 2) = 2³ = 8
எக்ஸ்² − 2எக்ஸ் − 8 = 0
(எக்ஸ் − 4)(எக்ஸ் + 2) = 0
எக்ஸ் = 4 அல்லது எக்ஸ் = −2

மூலையில எக்ஸ் > 2 எண்டு இருக்கு. ஆகவே எக்ஸ் = 4.

சரி பாத்தல்: லொக்₂ 4 + லொக்₂ 2 = 2 + 1 = 3.

எனக்கு நீண்ட நாள் விளங்காத விசயம், வழி எல்லாம் சரியாச் செய்திருக்க ஏன் இந்த −2 வருது, வந்தா ஏன் அது விடை இல்ல எண்டது. மடிச்ச வரியப் பாருங்கோ. −2ஐப் போட்டா உள்ள (−2) × (−4) = 8, நேர் எண், ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா கேள்வியில இருந்தது அந்த ஒரு லொக் இல்ல, ரெண்டு தனித் தனி லொக். அதில −2 போட்டா லொக்₂ (−2), லொக்₂ (−4), ரெண்டும் கிடையாது. ரெண்டு மறை பெருக்குப்பட்டு நேரா வந்ததால மடிச்ச பிறகு அந்தக் குறை மறைஞ்சு போச்சு. அதாலதான் சரி பாக்கிறது எப்பவும் கேள்வியின்ட முதல் வரியில, மடிச்ச வரியில பாத்தா −2உம் சரி எண்டுதான் காட்டும்.

ஆனா இத “மறை விடை வந்தா வெட்டு” எண்டு படிச்சிடாதேங்கோ. கன பேர் அப்பிடித்தான் சொல்லிக் குடுக்கினம், அது பிழை. ரெண்டு கணக்குப் பாருங்கோ.

லொக்₂ (6 − எக்ஸ்) = 3. அப்ப 6 − எக்ஸ் = 8, எக்ஸ் = −2. உள்ள இருக்கிறது 8, நேர் எண். −2 முழுசாச் சரியான விடை, வெட்டினா புள்ளி போகும்.

லொக்₃ (எக்ஸ் − 5) + லொக்₃ (எக்ஸ் − 3) = 1. மடிச்சா (எக்ஸ் − 5)(எக்ஸ் − 3) = 3, அது எக்ஸ்² − 8எக்ஸ் + 12 = 0, எக்ஸ் = 6 அல்லது 2. ரெண்டும் நேர் எண்தான். ஆனா 2ஐப் போட்டா 2 − 5 = −3, உள்ளுக்க மறை வருது, அத வெட்ட வேணும். 6 போட்டா லொக்₃ 1 + லொக்₃ 3 = 0 + 1 = 1, சரி. பாக்க வேண்டியது எக்ஸ் மறையா எண்டு இல்ல, லொக்குக்கு உள்ள வாறது மறையா எண்டு.

ஏ.எல் (உயர்தரம்) பக்கம் போறவைக்கு இன்னும் ஒண்டு. லொக் (எக்ஸ்²) = 2 எண்டா எக்ஸ்² = 100, விடை 10, −10 ரெண்டும். அத அவசரத்தில 2 லொக் எக்ஸ் = 2 எண்டு மாத்தினா −10 காணாமப் போகும். சுட்டிய முன்னால இறக்கேக்க எக்ஸ் நேர் எண்டு தெரிய வேணும்.

6. தனியா நிக்கிற எண்ண லொக்கா மாத்துங்கோ

முதல் தரம் பரீட்சைக்குப் போக முதல் செய்த மாதிரிப் பேப்பரில இப்பிடி ஒரு கணக்கு:

லொக் எக்ஸ் = லொக் 5 + 2

நான் எல்லாப் பக்கமும் லொக்க வெட்டிப்போட்டு எக்ஸ் = 7 எண்டு எழுதினன். அண்டைக்கு அது பிழை எண்டே தெரியாது, எனக்கு வடிவான விடை மாதிரித்தான் இருந்தது. பிழை என்னெண்டா 2க்கு முன்னால லொக் இல்ல, இல்லாததை வெட்ட ஏலாது. முதல்ல அந்த 2ஐ லொக்கா மாத்த வேணும். அடி 10, அப்ப 2 எண்டது லொக் 100.

லொக் எக்ஸ் = லொக் 5 + லொக் 100
லொக் எக்ஸ் = லொக் 500
எக்ஸ் = 500

ரெண்டு பக்கமும் ஒரே ஒரு லொக், ஒரே அடி, வேற ஒண்டும் ஒட்டிக்கொண்டு இல்ல, அப்பத்தான் லொக்க எடுத்து உள்ள இருக்கிறதுகள சமப்படுத்தலாம். அடி 3 எண்டா 2க்குப் பதிலா லொக்₃ 9, அடி 5 எண்டா 1க்குப் பதிலா லொக்₅ 5. அடியப் பாத்து மாத்துங்கோ.

இல்லாட்டி லொக் எல்லாத்தையும் ஒரு பக்கம் கொண்டு வந்து எண்ண மற்றப் பக்கம் விடலாம், எனக்கு இது கூட லேசு:

லொக் (4எக்ஸ் + 18) − லொக் எக்ஸ் = 1
(4எக்ஸ் + 18)/எக்ஸ் = 10
4எக்ஸ் + 18 = 10எக்ஸ்
எக்ஸ் = 3

லொக் 30 − லொக் 3 = லொக் 10 = 1, சரி.

7. எக்ஸ் சுட்டியில இருந்தா, அட்டவணை எடுங்கோ

3^எக்ஸ் = 20 மாதிரி. 20 எண்டது 3இன்ட முழு வலு இல்ல, தாளில எழுதின பட்டியல் உதவாது. ரெண்டு பக்கமும் லொக் எடுங்கோ:

எக்ஸ் லொக் 3 = லொக் 20
எக்ஸ் = லொக் 20 ÷ லொக் 3 = 1.3010 ÷ 0.4771

கிட்டத்தட்ட 2.73. இது உண்மையான வகுத்தல், கழித்தல் இல்ல. கழிச்சா 0.8239 வரும், அத அட்டவணையில திருப்பிப் பாத்தா 6.67, அது 20/3, நீங்க தேடினது அது இல்ல. திருப்பியும் மட்டுக்கட்டல்: 3² = 9, 3³ = 27, அப்ப 2க்கும் 3க்கும் இடையில.

அட்டவணையில ஒரு சிக்கல், 1ஐ விடச் சின்ன எண்ணுக்கு தலையில கோடு போட்ட 1 வரும். லொக் 0.2 எண்டா கோடு போட்ட 1, பிறகு .3010. அது −1.3010 இல்ல, −1 + 0.3010, அதாவது −0.6990. கூட்டல் கழித்தலுக்கு கோட்டோடயே வைச்சிருக்கலாம், ஆனா இந்த மாதிரி வகுக்க வந்தா முதல்ல முழு மறை எண்ணா மாத்திப்போட்டு வகுங்கோ. 5^எக்ஸ் = 0.2 எண்டா −0.6990 ÷ 0.6990 = −1. கோட்ட மறந்தா விடை எங்கயோ போயிடும்.

இந்தப் பகுதி பரீட்சைக்கு மட்டும் இல்ல. வருஷத்துக்கு 10% வட்டி, வட்டிக்கு வட்டி சேருது எண்டு வைச்சா போட்ட காசு எத்தினை வருஷத்தில ரெட்டிப்பாகும்? 1.1^எக்ஸ் = 2. 0.3010 ÷ 0.0414, 7.27 வருஷம். அம்மா பிக்ஸ்ட் டிப்போசிட் ஒண்டு போடப் போகேக்க நான் அட்டவணையோட இருந்து இதச் செய்து காட்டினன், அவ பேப்பர வாங்கி மடிச்சு பாஸ் புக்குக்குள்ள வைச்சிட்டா.

போனில சரி பாக்கிறீங்கள் எண்டா திரைய சரிச்சுப் பிடிச்சா லொக் பட்டன் வரும். அதுக்குப் பக்கத்தில எல்.என் எண்டும் ஒண்டு இருக்கும், அது வேற அடி. ஒண்ட லொக்கிலயும் மற்றத எல்.என்னிலயும் தட்டி வகுத்தா குப்பைதான் வரும், ரெண்டுக்கும் ஒரே பட்டன்.

8. எவ்வளவு நாள், எவ்வளவு நேரம்

வேலைக்குப் போற ஆள் எண்டா ரெண்டரைக் கிழமை வைச்சுக்கொள்ளுங்கோ, நாளுக்கு முக்கால் மணித்தியாலம். முதல் நாலு நாள் சுட்டி விதியும் வலுப் பட்டியலும். அடுத்த ரெண்டு நாள் கேள்வியா வாசிக்கிறது. பிறகு 3ஆம் 4ஆம் படிக்கு நாலு நாள், 5ஆம் படிக்கு மட்டும் அஞ்சு நாள் குடுங்கோ, அதில அவசரப்படாதேங்கோ. மிச்சம் பாஸ் பேப்பர். சனி ஞாயிறில நாலு மணித்தியாலம் சேத்துச் செய்யிறத விட நாளுக்கு முக்கால் மணித்தியாலம் நல்லா நிக்கும், நான் ரெண்டையும் செய்து பாத்திட்டன்.

பரீட்சையில பேப்பர் 1 ரெண்டு மணித்தியாலம், ஏ பகுதியில 25 சின்னக் கேள்வி, ஒண்டுக்கு 2 புள்ளி, அதுக்குப் பிறகு பி பகுதியில 5 பெரிய கேள்வி. சின்னக் கேள்வி ஒண்டுக்கு ரெண்டு நிமிஷம் எண்டு போனா பி பகுதிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல மிஞ்சும். சின்ன லொக் கேள்விய ஒரு நிமிஷத்தில செய்யலாம், மிச்ச நிமிஷத்த சரி பாக்கக் குடுங்கோ. சுட்டி வடிவத்துக்கு மாத்தின வரிய கட்டாயம் எழுதுங்கோ, வெறும் விடை மட்டும் எழுதி அது பிழைச்சா ஒண்டும் கிடைக்காது, வரி இருந்தா வழிக்கு எண்டாலும் ஏதும் வரும்.

செய்து பாக்க எட்டுக் கணக்கு. நிபந்தனைய மூலையில எழுதிப்போட்டுத் தொடங்குங்கோ.

அ. லொக்₇ எக்ஸ் = 2
ஆ. லொக்₉ 27 = எக்ஸ்
இ. அடி எக்ஸ், உள்ள 125, விடை 3
ஈ. லொக் எக்ஸ் + லொக் 4 = 2
உ. லொக்₅ எக்ஸ் = லொக்₅ 3 + 1
ஊ. லொக்₂ (எக்ஸ் + 1) + லொக்₂ (எக்ஸ் − 1) = 3
எ. 2 லொக்₃ எக்ஸ் − லொக்₃ 4 = 2
ஏ. லொக்₂ (3 − எக்ஸ்) = 4

விடை: அ 49, ஆ 1½, இ 5, ஈ 25, உ 15, ஊ 3 (−3 வெட்டுப்படும்), எ 6 (−6 வெட்டுப்படும்), ஏ −13, இத வெட்டக் கூடாது. ஊவும் ஏயும் பிழைச்சா 5ஆம் படிக்குத் திரும்பிப் போங்கோ, உ பிழைச்சா 6ஆம் படி, ஆ பிழைச்சா இன்னும் வலுப் பட்டியல் கைக்கு வரேல்ல, அதத் திருப்பி எழுதி பஸ்ஸில வைச்சுப் பாருங்கோ.